மேனாவுக்கு வந்த தட்டுகள்

டானி ஃபாரெல் என்ற பெயரில் அமெரிக்கா முழுக்க விற்ற குரலில் பாதிதான் தொனாத்தோ ஃபெரின்யோவுடையது. மீதிப் பாதி அவன் பெண்டாட்டி மேனாவுடையது. தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் எங்கள் தெருவில் இது தெரியாத ஆள் கிடையாது. தெருவைத் தாண்டி ஒருத்தருக்கும் தெரியாது. அப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினோம். என்ன பிரயோசனம்?

இப்போது தொனாத்தோ தரைவிரிப்புக் கடையில் வேலை பார்க்கிறான். கடைக்கு மேலேயே மாடியில் தனியாகக் குடியிருக்கிறான். எப்போதாவது வயதான பெண்மணி யாராவது பழைய இசைத்தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நிற்பாள். உறையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். "இங்க ரெக்கார்டு ப்ளேயர் இருக்கா? உங்க பக்கத்துல நின்னு ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போறேனே" என்று கேட்டுவிட்டால் போச்சு, உள்ளே யாரோ கூப்பிடுகிற மாதிரி நழுவிவிடுவான். எவ்வளவு தன்னடக்கம் என்று அவள் மெச்சிக்கொண்டு போவாள். தன்னடக்கமாவது மண்ணாவது! வெட்கம். வெறும் வெட்கம். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கதை.

ஐம்பதுகளின் கடைசியில் தொனாத்தோ அப்பா சபத்தினோவோடு ஒன்பதாம் தெருச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தான். பையன் அழகு என்றால் அப்படியொரு அழகு. மீன் வாங்க வந்த பெண்கள் வேண்டாத நெத்திலியை எல்லாம் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருநாள் ரென்சி என்கிற ஆள் வந்து நின்றான். பிராட் தெருவில் சின்னதாக ஒரு இசைத்தட்டுக் கம்பெனி நடத்துகிறவன். பனிக்கட்டியை வாரிக்கொண்டிருந்த தொனாத்தோவை ஏற இறங்கப் பார்த்தான்.

"தம்பி, பாடத் தெரியுமா?"

"குளிக்கும்போது பாடுவேன்."

"அது போதும். பேரு என்ன?"

சொன்னான். ரென்சி முகத்தைச் சுளித்தான். "இந்தப் பேர்ல மீன் நாத்தம் அடிக்குதே. இன்னையிலேருந்து நீ டானி ஃபாரெல்."

சபத்தினோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கப்பன் குடுத்த பேருய்யா அது" என்றார். அதற்குள் பையனுக்குத் தலைகால் புரியவில்லை. மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான்.

ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் வண்டவாளம் தெரிந்தது. பள்ளிக்கூட நடனத்தில் ஓரமாக நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. இரண்டு வரி வரைக்கும் ஒப்பேற்றுவான். மூன்றாவது வரியில் குரல் மேலே ஏற வேண்டும். அங்கே கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், குரல் மட்டும் ஏறாது. வாத்தியக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒலிநாடா ஓட்டுகிறவன் கொட்டாவி விட்டான். தொனாத்தோவுக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது.

மூலையில் மேனா உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானப் பெயர் ஃபிலொமினா. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண். கோட்டுத் தைக்கிற தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் பாட்டு. அவனுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவள் அப்படியே தங்கிவிட்டிருந்தாள். எழுந்து வந்து அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நான் பின்னாடி நின்னு மெல்ல பாடுறேன். என் குரலைப் பிடிச்சுக்கிட்டே ஏறு. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கிறதில்ல? அந்த மாதிரி."

ஒரே மைக்கில் இரண்டு பேரும் பாடினார்கள். அவள் குரல் கொஞ்சம் தடித்த குரல், அவனுடையது கொஞ்சம் மெலிந்தது. நாடாவைத் திருப்பிப் போட்டுக் கேட்டபோது இரண்டும் பாலும் சர்க்கரையுமாகக் கலந்து ஒரே பையனின் குரலாகக் கேட்டது. அந்தக் குரலில் ஏதோ ஒரு ஏக்கம் இருந்தது. ரென்சி நாற்காலியை விட்டுக் குதித்து எழுந்தான். "இதுதான்யா டானி ஃபாரெல்!"

"தட்டுல என் பேரும் போடுவீங்களா?" என்று மேனா கேட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா தனியாப் பேரு? இவனைத்தானே கட்டிக்கப் போற!"

அவளும் சிரித்துவிட்டாள். சந்தோஷத்தில் இருக்கிற பெண்ணுக்கு எது உறைக்கும்?

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மேடையானாலும் தொலைக்காட்சியானாலும் அந்தக் காலத்தில் இசைத்தட்டை ஓடவிட்டு வாயசைத்தால் போதும். ஆகையால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு எல்லாவற்றிலும் மேனா அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கல்யாணமும் ஆனது, ஒரு சாதாரண வாரநாளில், மேளதாளம் இல்லாமல். எங்கள் பங்குச் சாமியார் லிகுவோரி கல்யாணத்தை மந்திரித்து வைத்தார். தெரு முழுக்கச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் ரென்சி எழுந்து எல்லோரையும் கும்பிட்டான்.

"வெளிய யாரும் மூச்சு விட்டுடாதீங்க. கல்யாணம் ஆனவன் பாட்டை எந்தப் பொண்ணு வாங்குவா? ரெண்டே வருஷம். அப்புறம் நானே பேப்பர்ல போடுறேன்."

தெரு முழுக்கச் சாமி மேல் ஆணையிட்டது. எங்கள் ஆட்கள் வாய் ஓயாதவர்கள்தான், ஆனால் ஆணை என்றால் ஆணை.

இப்படியிருக்க, ஒரு பத்திரிகை போட்டி வைத்தது. ஜெயிக்கிற பெண்ணுக்கு டானி ஃபாரெல் வீட்டில் அவன் அம்மா கையால் ஞாயிற்றுக்கிழமை விருந்து. அயோவா மாநிலத்திலிருந்து மார்லிஸ் என்று ஒரு பெண் ஜெயித்துவிட்டாள். அப்போது மேனாவுக்கு வயிற்றில் நாலு மாதம்.

தொனாத்தோ அவளிடம் சொல்ல வந்து, சமையலறை வாசலிலேயே ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். மேனா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லித் தொலை. என்ன, அன்னிக்கு நான் அம்மா வீட்டுக்குப் போயிடணுமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. அம்மா ஒருத்தியால அத்தனை வேலையும் ஆகாது. நீ இரு. சொந்தக்காரப் பொண்ணு மாதிரி. பரிமாறினா போதும்."

மேனா பட்டாணியை நிறுத்தவில்லை. "என் வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு நான் பரிமாறுறதுல ஒண்ணும் குறைஞ்சுடாது. ஆனா ஒண்ணு, தொனாத்தோ. யாராவது என்னைப் பத்தி உன்னை நேராக் கேட்டா, வாயை மூடிக்கிட்டு இரு. மறைச்சுக்கோ, எனக்கு வருத்தம் இல்ல. என்னை இல்லேன்னு மட்டும் சொல்லிடாத. மறைக்கிறது வேற, இல்லேங்கிறது வேற."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"சத்தியத்தை எல்லாம் சாமிக்கு வெச்சுக்கோ. எனக்கு வாயை மூடினாப் போதும்."

அவன் அம்மா அசுந்தா வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தாள். பக்கத்து வீட்டு நுன்சியாதான் குடைந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஒரு நாளைக்கு மேனா என் மருமக இல்ல. புரியுதா?"

"அப்ப யாரு?"

"என் தங்கச்சி மக."

"உனக்கு ஏது அசுந்தா தங்கச்சி?"

"ஒரு நாளைக்கு இருக்கா. வாயை மூடிக்கிட்டு இருடி."

சுவரிலிருந்த கல்யாணப் படம் இறங்கியது. மேனாவின் விரல் வீங்கியிருந்ததால் மோதிரம் வரவில்லை. சோப்புத் தண்ணீரில் முக்கி அசுந்தாதான் உருவினாள். உருவும்போது அவள் மருமகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்தார்கள். ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அது யோசிக்க வேண்டிய விஷயம் என்றே எங்கள் ஆட்களுக்குத் தோன்றாது.

ஞாயிற்றுக்கிழமை மார்லிஸ் வந்தாள். பத்திரிகையின் புகைப்படக்காரரும் கூடவே ரென்சியும். நல்ல பெண். வைக்கோல் நிறத் தலைமுடி, கைகளில் வெள்ளைக் கையுறை, எதைக் கொடுத்தாலும் "தேங்க்யூ". ஏழையாயிருந்தாலும் இவர்கள் எவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று கண் கலங்கி அசுந்தாவைக் கட்டிக்கொண்டாள். அசுந்தாவுக்கு அந்த ஏழை என்ற வார்த்தை பிடிக்கவில்லை. பாலாடைக்கட்டி அடைத்த மாவுப் பண்டம், ரவியோலி, மேசைக்கு வந்தது. பன்றியிறைச்சி போட்டுக் காலையிலிருந்து கொதித்த சிவப்புக் குழம்பின் மணம் தெருவரைக்கும் போனது. மேனா பெரிய கிண்ணத்தோடு சுற்றி வந்தாள். ஏப்ரனைத் தளர்த்திக் கட்டியிருந்தாள், வயிறு தெரியாதபடிக்கு. தொனாத்தோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னவோ இந்த ஒரு வேளை தாண்டிவிட்டால் போதும் என்று சாமியை வேண்டிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நுன்சியா நின்றாள். துணி மூடிய ஒரு தட்டு கையில்.

"மன்னிச்சுக்கோங்க, சாப்பிடுங்க சாப்பிடுங்க. கத்தரிக்காய் பொரிச்சேன். இந்தா மேனா, ஒரு வாய் போட்டுக்கோ."

மேனா வாங்கிக்கொண்டு, நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டாள். நுன்சியா அதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அடுத்து எதிர்வீட்டுக் கார்மெலோ கிழவர், ஒரு கிண்ணம் குடல் குழம்போடு. "மேனாவுக்கு. சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடு." அவர் போன கையோடு மூன்றாம் வீட்டுத் தெரேசா, வறுத்த மிளகாய். ஞாயிற்றுக்கிழமை அல்லவா, தெரு முழுக்க அடுப்பு எரிகிறது. ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் ஒரு தட்டு வந்தது. ஒன்றுகூட விருந்தாளிக்கு இல்லை. எல்லாம் பரிமாறுகிற பெண்ணுக்கு.

புகைப்படக்காரர் முட்கரண்டியைக் கீழே வைத்தார். "இதென்ன ஊர்வலம்? எல்லாம் ஏன் இந்தப் பொண்ணுக்கே வருது?"

மறுபடியும் வாசலில் நுன்சியா, பொரித்ததில் மறந்துபோன எலுமிச்சம்பழத்தோடு. அவள் வெகுளித்தனமாகப் பதில் சொன்னாள்.

"வேற யாருக்கு வரும்? வயித்துப்பிள்ளைக்காரி ஆச்சே! வாசனை மூக்குல ஏறியிருக்கும். வாசனை பட்டதைக் குடுக்காம விட்டா, அவ எங்க சொறியிறாளோ பிள்ளை உடம்புல அங்கேயே மறு விழுந்துடும். அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்ப்பா."

அவள் ஆணையை மீறவில்லை. மருமகள் என்று ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லையே. பிள்ளைத்தாய்ச்சிக்குத் தட்டு கொடுப்பதும் பெண்டாட்டியை மறைப்பதும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டதாக எங்கள் தெருவில் யாருக்குமே தோன்றவில்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் முகத்தில் ஈயாடாததைப் பார்த்தபிறகுதான் நுன்சியாவுக்கே ஏதோ உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

மார்லிஸ் முகம் மலர்ந்தது. "அட, குழந்தையா! வாழ்த்துக்கள். உங்க வீட்டுக்காரர் எங்க? அவரையும் சாப்பிடக் கூப்பிடுங்களேன்!"

மேனா நுன்சியாவிடமிருந்து எலுமிச்சம்பழத்தை வாங்கினாள். புகைப்படக்காரரின் கண் மேனாவின் மோதிரமில்லாத விரலுக்குப் போனது, அங்கிருந்து தொனாத்தோவுக்கு வந்தது. "ஆமா டானி, உங்க சொந்தக்காரப் பொண்ணோட புருஷன் எங்க?"

நேராகவே கேட்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும், அம்மா ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். தொனாத்தோ ரென்சியைப் பார்த்தான். ரென்சியின் நெற்றியில் வேர்வை.

"விட்டுட்டுப் போயிட்டான்" என்றான் தொனாத்தோ. அதோடு நிறுத்தினானா? அந்த மூன்றாம் வரியில் ஏறாத குரல் இப்போது நன்றாக ஏறியது. "கல்யாணம் பண்ணி ஆறே மாசம். ஓடிட்டான், கேடுகெட்டவன். அதான் நாங்க வீட்டோட வெச்சுக் காப்பாத்துறோம்."

சபத்தினோ மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்லிஸ் எழுந்து மேனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குழந்தைப் பெண்ணுக்கு உண்மையாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ, எப்பப் போனாரு?"

"எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள் மேனா. கிண்ணத்தைத் தொனாத்தோ முன்னால் வைத்தாள். "இன்னும் ரெண்டு ரவியோலி போட்டுக்கோ, டானி."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் தட்டை நீட்டினான். அவள் போட்டாள், அவன் சாப்பிட்டான். புகைப்படக்காரர் அதைப் படம் எடுத்தார்.

விருந்தாளிகள் போனதும் மேனா பாத்திரங்களைக் கழுவி, துடைத்து, அடுக்கினாள். பிறகு ஒரு பெட்டியோடு இரண்டு தெரு தள்ளியிருந்த அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அசுந்தா மோதிரத்தை நீட்டினாள். "வீக்கம் வத்தட்டும் அம்மா" என்று சொல்லிவிட்டு மேனா படியிறங்கினாள். தொனாத்தோ பின்னாலேயே ஓடினான்.

"மேனா, வேற என்ன சொல்லச் சொல்ற? எல்லாம் நமக்காகத்தானே!"

"வாயை மூடச் சொன்னேன். அது ஒண்ணுதான் கேட்டேன். நாலு மாசத்துப் பிள்ளைக்கு அப்பன் இல்லேன்னுட்ட. நீ சொன்னபடியே இருந்துட்டுப் போறேன், விடு."

தெருவில் ஒரு மாதம் அவனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நுன்சியா அவனைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள், ஏதோ அவள்தான் தப்பு செய்த மாதிரி. சந்தையில் சபத்தினோவைப் பார்த்துக் கேலி. "என்ன சபத்தினோ, உன் மருமகளை விட்டுட்டு ஓடின கேடுகெட்டவன் கிடைச்சானா? எங்க தேடுறது, அயோவாவுலயா?" ஒரு நாள் அவர் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்து மகனுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நாப்பது வருஷமா மீன் விக்கிறேன். கெட்டுப்போனதுன்னா கெட்டுப்போனதுன்னு சொல்லித் தூக்கிப் போட்டிருக்கேன். நல்லதைக் கெட்டதுன்னு சொல்லித் தூக்கிப் போட்டவனை இப்பத்தான் பாக்குறேன்."

போய் மேனா காலில் விழலாம் என்று தொனாத்தோ நூறு தடவை நினைத்தான். ஒவ்வொரு தடவையும் இந்த நாலாவது தட்டு வெளிவரட்டும் என்று தள்ளிப் போட்டான்.

நாலாவது தட்டைப் பதிவு செய்கிற நாள் வந்தது. மேனா பாட வரவில்லை. ரென்சி வேறு பெண்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தான், ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் எதிரொலியை அள்ளி அள்ளி ஊற்றிப் பதிவு செய்தார்கள். வானொலியில் போட்டபோது அறிவிப்பாளர், "டானிக்குச் சளி பிடிச்சிருக்கு போல" என்று கிண்டல் செய்தார். கிணற்றுக்குள் விழுந்தவன் கத்துகிற மாதிரி இருக்கிறது என்று எங்கள் தெருவிலேயே சொன்னோம். தட்டு கடைகளில் தூங்கியது.

ஆனால் வேறொன்று விற்றது. பத்திரிகையில் அந்த விருந்துப் படம் வந்திருந்தது. கைவிடப்பட்ட சொந்தக்காரப் பெண்ணைத் தாங்கும் தங்க மனசுக்காரன் டானி என்று அடியில் எழுதியிருந்தார்கள். நாடு முழுக்கப் பெண்பிள்ளைகளின் நெஞ்சு உருகிவிட்டது. பொட்டலம் பொட்டலமாக வர ஆரம்பித்தது. கையால் பின்னிய குட்டிக் காலுறை, தொப்பி, போர்வை. கன்சாஸிலிருந்து, ஓரிகனிலிருந்து, கேள்வியேபடாத ஊர்களிலிருந்து. எல்லாம் அப்பன் இல்லாத அந்தக் குழந்தைக்கு. தொனாத்தோவே அவற்றை இரண்டு கையிலும் சுமந்துகொண்டுபோய் மாமியார் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவான். மாசியில் ஆண் குழந்தை பிறந்தபோது அவனும் கடைவீதி போய் நீலப் பட்டில் ஒரு சட்டை வாங்கிப் போனான். மேனா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"இருக்குற துணியே ஜாஸ்தி. முகம் தெரியாதவங்க எல்லாம் அனுப்பியிருக்காங்க, பாவம்."

"ஒரு தடவை பாத்துட்டுப் போறேனே."

"தூங்குறான்."

இந்தச் சமயத்தில்தான் ரென்சி பல் இளித்துக்கொண்டு ஒரு யோசனையோடு வந்தான். "தட்டு போனாப் போகுது. ஞானஸ்நானத்துல பிள்ளைக்குப் பொறுப்பேத்துக்குற ஞானத்தகப்பனா நீ நில்லு. டானி ஃபாரெல், அநாதைக் குழந்தைக்கு ஞானத்தகப்பன்! பத்திரிகை முழுப் பக்கம் தரேங்குது. அடுத்த தட்டு எப்படிப் போகுது பாரு."

தொனாத்தோ அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டாமா? பிடிக்கவில்லை. எப்படியும் பிள்ளையைக் கையில் வாங்கலாமே என்று அந்த மடையனுக்குத் தோன்றியிருக்கிறது. சாமியாரிடம் போய்க் கேட்டான். லிகுவோரி சாமி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"உனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சவன்கிட்டயே வந்து கேக்குறியா? பெத்த அப்பன் ஞானத்தகப்பனா நிக்கக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதோ பாரு, ஞாயித்துக்கிழமை அப்பனா வர்றதுன்னா உள்ள வா, முன்னாடி வந்து நில்லு. இல்லேன்னா கோயிலுக்கு வெளியவே நின்னுக்கோ. நடுவுல ஒரு இடம் என்கிட்ட கிடையாது."

அது மேனாவின் காதுக்கும் போனது. சனிக்கிழமை அவளே அசுந்தாவிடம் சொல்லி அனுப்பினாள். "உள்ள வரச் சொல்லுங்க அம்மா. வந்தான்னா கோயில்லேருந்து நேரா உங்க வீட்டுக்கு வரேன். பாட்டுப் போனாப் போகட்டும், மீன் வித்துச் சாப்பிடலாம். மூத்த பையனுக்கு அப்பா வழித் தாத்தா பேரைத்தான் வைக்கணும். சபத்தினோன்னு வைக்க எனக்கும் ஆசைதான். ஆனா அதைக் கேக்குறதுக்கு அப்பன்னு ஒருத்தன் நிக்கணுமே."

தொனாத்தோ அழுதான். கண்டிப்பாக வருகிறேன் என்றான். நல்ல கோட்டு எடுத்து வைத்தான். காலையில் சவரம் செய்யும்போது அவன் மனசில் ஒரு நிம்மதி இருந்தது. அன்றைக்கு அவன் உள்ளே போகத்தான் கிளம்பினான். அதில் பொய் இல்லை.

ரென்சி சும்மா இருப்பானா? கோயில் படியில் பெண்பிள்ளைகளைத் திரட்டி வைத்திருந்தான். பத்திரிகைக்காரரும் இருந்தார். தொனாத்தோ தெருமுனையில் திரும்பியதும், "டானி! டானி!" என்று அந்தக் கூச்சல் எழுந்தது. நாலாவது தட்டு படுத்ததிலிருந்து எத்தனையோ மாதமாக அவன் அதைக் கேட்கவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவுவரைக்கும் போய்விட்டான். கதவு திறந்திருந்தது. உள்ளே ஞானஸ்நானத் தொட்டியருகே மேனாவின் முதுகு தெரிந்தது, அம்மாவும் அப்பாவும் தெரிந்தார்கள். அப்பா புதுத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

அப்போது ஒரு சின்னப் பெண் தொனாத்தோவின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒரே ஒரு கையெழுத்து, டானி. ஓடிப்போன அந்தக் கேடுகெட்டவன் மாதிரி இல்ல நீங்க. எங்கம்மா சொன்னாங்க."

அவள் நீட்டிய பேனாவை அவன் வாங்கினான். உள்ளே போனால் இந்தப் பெண்ணின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தான். அந்த ஒரு முகத்துக்குப் பயந்தான் பாருங்கள். கையெழுத்துப் போட்டான். அடுத்தவள் நீட்டினாள். இதோ, இதை முடித்துவிட்டு, இதோ என்று திரும்பித் திரும்பி உள்ளே பார்த்துக்கொண்டே எழுதினான். உள்ளே சாமியார் ஒரு நிமிஷம் தாமதித்தார். யாரும் வரவில்லை.

"குழந்தைக்கு என்ன பேர்?"

"பியாஜோ" என்றாள் மேனா. செத்துப்போன அவள் அப்பாவின் பெயர். கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரித் தெளிவாகத்தான் சொன்னாள், அவள் குரலுக்குச் சொல்ல வேண்டுமா? சபத்தினோ தொப்பியைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

தொனாத்தோ பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். அதற்குமேல் உள்ளே போய் என்ன செய்வது என்று தெரியாமல் தூண் ஓரமாக நின்றான். எல்லாம் முடிந்து மேனா பிள்ளையோடு வெளியே வந்தாள். அயோவாவிலிருந்து மார்லிஸ் அனுப்பிய நீள வெள்ளைச் சட்டையில் பிள்ளை புதைந்து கிடந்தான். கூட்டம் சூழ்ந்துகொண்டது. பத்திரிகைக்காரர் கையைத் தட்டினார். "டானி, குழந்தையை வாங்கிக்கோங்க, வெளிச்சம் நல்லா இருக்கு!"

மேனா ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு தானாகவே நீட்டினாள். அவன் வாங்கினான். பிறந்து ஒரு மாதமாகியும் தன் பிள்ளையை அவன் தொடுவது அதுதான் முதல் தடவை. இவ்வளவு கனக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பிள்ளை கண்ணை விழித்து அவன் முகத்தையே பார்த்தான். விளக்கு மின்னியது. இன்னொரு தடவை மின்னியது. தொனாத்தோவுக்கு எதுவும் காதில் விழவில்லை. பிள்ளையின் மூக்கையும் நெற்றியையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"போதும், அருமையா வந்திருக்கு" என்றார் பத்திரிகைக்காரர்.

மேனா இரண்டு கையையும் நீட்டினாள்.

"படம் எடுத்தாச்சில்ல? குழந்தையக் குடு."

அவன் கொடுத்தான்.